விரலை நீட்டி வைத்தல்

மார்ச் 11, செவ்வாய். ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். போன செவ்வாய் மாலை வகுப்பில் ரைபிளில் மேகசினைச் செருகி போல்ட்டை விட்டபோது என் விரல் டிரிகர் மேல் இருந்தது. விரல் வெளியே இருக்க வேண்டும் என்று அன்று காலைதான் நோட்டில் அடிக்கோடிட்டிருந்தேன்.

வெடித்த குண்டு இன்னும் நடைவழியில் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு தரைக்கல் வீதம், மார்பு உயரத்தில். எதிரே என் ஜோடி இருதயராஜ் நிற்கிறான்.

எங்கள் செக்யூரிட்டி வகுப்பில் ஜோடியாகத்தான் குண்டு நிரப்ப வேண்டும். ஒருவர் சேம்பருக்குள் பார்த்து "காலி" என்பார். மற்றவரும் பக்கத்தில் வந்து பார்த்து "காலி" என்பார். குழல் மணல் மூட்டையை விட்டு விலகக் கூடாது. அன்று அவன் நடைவழிக் கடைசியில் இருந்தபடியே "காலி" என்று கத்தினான். சிரித்துக்கொண்டே திரும்பினேன். ரைபிளும் என்னோடு திரும்பியது.

வெடித்ததும் பயிற்சி தரும் மேடம் அவனைப் பார்த்து "நில்" என்றார். பிறகு வீட்டுக்குப் போய்விட்டார். அந்தக் கட்டளையை ரத்து செய்ய அலுவலகத்தில் மனு கொடுத்தேன்.

"அவர் உயிரோட இருக்காருன்னு சான்று வேணும்மா," என்றார் எழுத்தர்.

"அதோ நிக்கிறான் சார்."

"குண்டு பட்டதும் வாங்க. அதுவரைக்கும் இருந்தாருன்னு அப்பத்தான் உறுதியா எழுத முடியும்."

நான் அதிகம் பயப்படவில்லை. தினமும் நடைவழியும் ஒரு கல் நீண்டுகொண்டிருந்தது. இன்று நீளவில்லை. சரியாக எண்ணவில்லையோ என்று இரண்டாம் முறை எண்ணினேன். குண்டுக்கும் அவனுக்கும் நடுவே நான்கு கற்கள்.

அவனுக்குத் தேநீர் கொண்டுபோனேன். வழியில் குண்டைத் தள்ளிப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அசையவில்லை.

"சர்க்கரை கம்மி, எஸ்தர்," என்றான்.

"நகந்துடேன்."

"நகந்தா ஜோடிக்கே பெயிலு. உனக்கு அந்த பேங்க் வேலை வேணும்ல?"

"வேண்டாம்."

"பொய் சொல்றப்ப விரலை மடக்குவ நீ."

பார்த்தேன். மடங்கித்தான் இருந்தது. அவன் தேநீரை முழுவதும் குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தான்.

நாளை புதன். குழல் மணல் மூட்டையைப் பார்க்க வேண்டும். சேம்பரைக் கண்ணால் பார்த்த பிறகே மேகசின். தேநீருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. வகுப்புக்கு முன்பு, விரலை நீட்டி வைத்தபடி "வேண்டாம்" என்று சொல்லிப் பழக வேண்டும்.