ஏழாம் அறைக்காரரின் எட்டுப் பக்கம்

அந்த முதியோர் இல்லத்தில் தலைமைச் செவிலிக்கு வைத்திருந்த பெயர் 'கையெழுத்தம்மா'. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். இல்லத்தில் இருக்கும் ஒவ்வொருவரையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதிப்பிட்டு எட்டுப் பக்கப் படிவம் நிரப்ப வேண்டும். நடக்கிறாரா, சாப்பிடுகிறாரா, நினைவு எப்படி என்று பக்கத்துக்கு ஒருவராக எழுதுவார்கள். கடைசியில் 'அனைத்தும் சரிபார்க்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே தலைமைச் செவிலி கையெழுத்துப் போட வேண்டும். இவருக்கு முன்னால் இருந்தவர் தொலைபேசியில் பேசிக்கொண்டே கட்டுக் கட்டாகப் போட்டுத் தள்ளுவாராம். இவர் படித்துவிட்டுத்தான் போடுவார். எல்லோருக்கும் அதுதான் தலைவலி.

அன்று வியாழன். ஐந்து மணிக்குள் படிவங்கள் மேலிடத்துக்குப் போயாக வேண்டும். மணி மூன்றரை. இருபத்தேழு முடிந்துவிட்டது. மிச்சம் ஏழாம் அறைக்காரர் ஒருவர்தான். பேருந்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கேயும் அவர் கண்டக்டர்தான்.

இரண்டாம் பக்கத்தில் பிசியோதெரபி அம்மா எழுதியிருந்தார்: 'கட்டிலை விட்டு எழ இருவர் உதவி தேவை.' நான்காம் பக்கத்தில் பராமரிப்பாளர்: 'மதியச் சாப்பாட்டுக்கு முதல் ஆளாக வந்துவிடுகிறார்.' ஐந்தில் மனநல ஆலோசகர்: 'இன்று என்ன கிழமை என்று தெரியவில்லை.' ஆறில் சமையலறை: 'செவ்வாய்க்கிழமை முட்டை வேகவில்லை என்று நேரில் வந்து சண்டை போட்டார்.'

மேலாளர் கதவருகில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "போட்டுடுங்களேன் சிஸ்டர். ஒரு கையெழுத்துதானே?"

"இதுல ரெண்டு கண்டக்டர் இருக்காங்க சார். ஒருத்தர் படுத்த படுக்கை. இன்னொருத்தர் சமையல்கட்டு வரைக்கும் போய்ச் சண்டை போடறார். நான் யாருக்குப் போடட்டும்?"

செவிலி படிவத்தை எடுத்துக்கொண்டு ஏழாம் அறைக்குப் போனார்.

கண்டக்டர் கழுத்துவரை போர்த்திக்கொண்டு கிடந்தார். "யாரு?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"தினமும் உங்களுக்கு ஊசி போடற சிஸ்டர்."

"ஓ... எனக்கு ஊசியெல்லாம் போடறீங்களா?"

"எழுந்து உக்காருங்க, பாப்போம்."

"கால் ரெண்டும் யாரோடதோ மாதிரி இருக்கும்மா."

"இன்னைக்கு என்ன கிழமை?"

கண்டக்டர் கூரையைப் பார்த்தார். அங்கே எழுதியிருக்கவில்லை போலும். உதட்டைப் பிதுக்கினார்.

அந்த நேரம் பார்த்து நடைவழிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது. சக்கர நாற்காலியில் இருக்கும் தையல்காரர். அங்கே கூடத்தில் சதுரங்கப் பலகையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். "மணி மூணே முக்கால்! ஆளைக் காணோம். இந்த ஆட்டம் நான் ஜெயிச்சதுன்னு எழுதிக்கறேன்!"

போர்வை பறந்தது.

"எழுதுவே, எழுதுவே! நேத்து புதன்கிழமை உன் ராணியை வெட்டினேனே, அதை எழுதினியா?"

கூடத்துக்கு விரைந்தவரின் பின்னாலேயே போய்ச் செவிலி எண்ணினார். இருபத்திரண்டு அடி. கைத்தடி இல்லை, சுவரைத் தொடவில்லை. இருபத்திரண்டாவது அடியில்தான் கண்டக்டருக்கு உறைத்தது. மெல்லச் சுவரைப் பிடித்து, "அம்மாடி..." என்று முனகினார்.

"கிழமைகூடச் சரியாச் சொன்னீங்க," என்றார் செவிலி. சிரிப்பை அடக்கக் கன்னத்தை உள்ளுக்குள் கடித்துக்கொண்டார்.

கண்டக்டர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "நல்லா நடக்கறேன்னு எழுதினா மேல் மாடிக்கு மாத்திடுவாங்க சிஸ்டர். படிக்கதவு பூட்டியே கிடக்கும். லிப்டுக்குச் சாவி வேணும், சாவிக்கு ஆள் வேணும். இவன் இங்க, நான் அங்க. எங்கப்பாவுக்கு அப்புறம் என்னை வாய் நிறையத் திட்டறதுக்கு இவன் ஒருத்தன்தான் இருக்கான்."

தையல்காரர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொய்யில நான் கையெழுத்துப் போட மாட்டேங்க," என்றார் செவிலி.

"தெரியும்," என்றார் கண்டக்டர். முகம் தொங்கிப்போயிற்று.

செவிலி படிவத்தைப் புரட்டினார். எட்டாம் பக்கத்தில் ஒரு கட்டம்: 'இல்லவாசியின் சொந்த விருப்பம்'. அதில் 'ஒன்றுமில்லை' என்று இருந்தது. மற்ற இருபத்தேழிலும் அதேதான். ஒரு எழுத்து விடாமல் படிப்பவர் என்று பெயரெடுத்தவர், அத்தனை 'ஒன்றுமில்லை'க்கும் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார். யாரிடமும் போய்க் கேட்கவில்லை. அவருக்குச் சுருக்கென்றது.

பிசியோதெரபி அம்மாவை அழைத்து மறுபடி பார்க்கச் சொன்னார். கண்டக்டர் நடைவழியின் கோடிவரை போய்த் திரும்பி வந்தார்.

"அடப்பாவி மனுஷா! மூணு மாசமா உங்களைத் தூக்கித் தூக்கி என் இடுப்பே போச்சே!"

"தூக்க வேணாம்னு சொன்னா நீங்க கேக்கலியேம்மா," என்றார் கண்டக்டர்.

இரண்டாம் பக்கமும் ஐந்தாம் பக்கமும் திருத்தப்பட்டன. எட்டாம் பக்கத்தில், திட்டுவதற்கு ஒருவர் வேண்டும் என்று கண்டக்டர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிச் செவிலி கையெழுத்துப் போட்டார்.

மேலாளர் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "நடக்கறவங்க மேல போகணுமே, விதி இருக்கே?"

"'மாற்றலாம்'னுதான் சார் இருக்கு. 'மாற்ற வேண்டும்'னு இல்ல. அப்புறம் சார், அந்த இருபத்தேழையும் திருப்பிக் குடுங்க."

மேலாளர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பிறகு தொலைபேசியில் குழைந்து, திங்கள்வரை தவணை வாங்கினார்.

மறுநாள் முழுக்கச் செவிலி அறை அறையாகப் போய்க் கேட்டார். ஒருவர் ஜன்னல் பக்கம் கட்டில் கேட்டார். ஒருவர் தன் மருமகளை வரச்சொல்ல வேண்டாம் என்றார். தையல்காரரின் முறை வந்தது.

"எனக்கா? மேல் மாடி. இந்தாளு தொல்லை தாங்கல."

கண்டக்டரின் கையிலிருந்த சிப்பாய் கீழே விழுந்தது.

"எழுதிடாதீங்க சிஸ்டர், சும்மா சொன்னேன்!" தையல்காரர் பதறினார். "இவன் ஒரு குதிரையைத் தொலைச்சுட்டான். மாத்திரை டப்பா மூடியை வெச்சு ஆடிட்டிருக்கோம். அதை வேணா எழுதுங்க."

'ஒரு குதிரை, கறுப்பு' என்று எழுதினார் செவிலி.

இரண்டு வாரத்தில் மேலிடத்திலிருந்து பதில் வந்தது. கண்டக்டர் கீழேயே இருக்கலாம்; ஆனால் தினமும் காலையில் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்ய வேண்டும். குதிரையைப் பற்றி மட்டும் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள்: அந்தப் பிராணியை இல்லத்தில் எங்கே கட்டுவதாக உத்தேசம்?