எலுமிச்சம்பழமும் ஒரு மதிப்பெண்ணும்

மணியம்மாளுக்குக் கோபம் சீக்கிரம் வராது; வந்தால் லேசில் போகாது. 1984 மே மாதம், திருவண்ணாமலையில் பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாமின் நாலாவது நாள் மத்தியானம் அது வந்தது.

கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து இயற்பியல் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சீரான வேகத்தில் உருளும் சக்கரத்தில், தரையைத் தொடும் புள்ளியின் முடுக்கம் என்ன என்று ஒரு கேள்வி. மேலிடத்திலிருந்து வந்த விடைக்குறிப்பில் பூஜ்யம் என்று இருந்தது. பூஜ்யம் என்றால் ஒரு மதிப்பெண், வேறு என்ன எழுதினாலும் வெட்டு. திருத்தத்தானே கூப்பிட்டார்கள், யோசிக்கவா கூப்பிட்டார்கள்?

ஆனால் இந்தத் தாளில் ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தது: ‘அந்தக் கணத்தில் அந்தப் புள்ளிக்கு வேகம் இல்லை. ஆனால் சக்கரத்தின் மையத்தை நோக்கி முடுக்கம் உண்டு. எங்கள் ஊர்த் தேர்ச் சக்கரத்தில் நசுங்கி ஒட்டிய எலுமிச்சம்பழம் தரையில் ஒரு கணம் நின்று, உடனே மேலே கிளம்பும். முடுக்கம் இல்லாவிட்டால் எப்படிக் கிளம்பும்?’

வெட்டப் போன பேனா நின்றுவிட்டது. கூட்டிப் பார்த்தாள். தேறுவதற்கு ஒரே ஒரு மதிப்பெண் குறைந்தது. சரியாக எழுதிய பாவத்துக்குப் பிள்ளையை ஃபெயிலாக்கச் சொல்கிறார்களே!

தாளைத் தலைமைத் தேர்வாளர் சகாதேவனிடம் கொண்டுபோனாள். நல்ல மனுஷர்தான், ஆனால் மேலிடத்துக் காகிதம் என்றால் அவருக்கு வேதம். எல்லா முகாமிலும் இப்படித்தான் திருத்துகிறார்கள், ஊரோடு ஒத்து வாழுங்கள் என்றார். ஊர் தப்பாகப் போனாலுமா என்று கேட்டுவிட்டு மணியம்மாள் விறுவிறுவென்று வெளியே போனாள்.

சகாதேவன் போன வாரம்தான் புது ஸ்கூட்டர் வாங்கி, பெரிய கோயில் வாசலில் பூஜை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியவர். வாசல் சர்பத் கடையில் ஒரு பழம் வாங்கிவந்து அதே சக்கரத்துக்கு அடியில் வைத்தாள் மணியம்மாள். பின்னாலேயே வந்தவரை மெதுவாகத் தள்ளச் சொன்னாள்.

பழம் நசுங்கித் தோல் டயரில் ஒட்டிக்கொண்டது. சக்கரம் ஒரு சுற்று வந்து தோல் மறுபடி தரையைத் தொட்டது. தொட்ட இடத்தில் ஒரு கணம் நின்றது. முன்னேயும் போகாமல் பின்னேயும் போகாமல் நேர் மேலே கிளம்பியது. சகாதேவன் குனிந்து மூன்று தடவை தள்ளிப் பார்த்தார்.

உள்ளே வந்ததும் பச்சை மையில் அந்தப் பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டார்.

“புரியுது டீச்சர். இந்த ஒண்ணோட விட்டுடுங்க. மேலிடத்துக்கு எழுதினா எனக்குத்தான் தலைவலி.”

வேறு யாராவது என்றால் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். மணியம்மாளின் கண் அவர் முதுகுக்குப் பின்னால் போயிற்று. காலையில் அவள் திருத்திக் கொடுத்த கட்டு, அரக்கு முத்திரையோடு அங்கே இருந்தது. அதிலும் முடுக்கம் உண்டு என்று எழுதியவர்கள் இருந்தார்கள். ஒரு பிள்ளை மையத்தை நோக்கி அம்புக்குறிகூடப் போட்டிருந்தது. விடைக்குறிப்பைப் பார்த்தாளே தவிர, விடையைப் பார்க்கவில்லை. இவ்வளவு நேரம் யார்மேல் கத்திக்கொண்டிருந்தோம் என்று நினைக்கவே கூசியது.

“அந்தக் கட்டப் பிரிங்க சார்.”

“முத்திரை வச்சாச்சு டீச்சர். அதுல என்ன?”

“மூணு பேர நான் வெட்டியிருக்கேன். பிரிங்க.”