கதையில் வரும் அப்பன்

கப்பல்காரர்கள் கைவிட்ட கலங்கரை விளக்கத்தைச் சுற்றுலாக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளையடித்து, பழைய பித்தளை விளக்குக்கு மெருகு போட்டு, கீழே டிக்கெட் ஜன்னலும் ஐஸ்கிரீம் கடையும் வைத்தார்கள். வேறு எதற்கும் யாரும் எட்டிப் பார்க்காத ஊருக்கு அது பெரிய காரியம்தான்.

அந்த ஊர் வெல்டர் மட்டும் அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. அவருடைய ஒரே மகள் அதன் உச்சியிலிருந்துதான் விழுந்தாள். விழுந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது, குதித்தாள். நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தவள். அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டாள், காய்ந்த துணிகளை மடித்து வைத்தாள், போய்ட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். காதல் இல்லை, நோய் இல்லை, பரீட்சையில் தோல்வியும் இல்லை. போலீஸ் தேடியது, சொந்தபந்தம் தேடியது. காரணம் என்று ஒன்று அகப்படவே இல்லை.

அவர் மனைவியோ அங்கேயே பெருக்கித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். ஊரே மூக்கின்மேல் விரலை வைத்தது. என் பொண்ணு கடைசியாக நின்ற இடத்தை வேறு யாரோ பெருக்குவானேன் என்று கேட்டாள்.

உப்புக் காற்றில் உச்சியின் கைப்பிடிக் கம்பி துருப்பிடித்து ஆட ஆரம்பித்தது. அதைப் பற்றவைக்க வரச்சொல்லி காண்டிராக்டர் அவருக்கு ஆள்மேல் ஆள் விட்டார். இன்னொருத்தர் பிள்ளை விழுந்து தொலைக்கக் கூடாதே என்று வெல்டர் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஏறினார். பாதி வேலையில் ஒரு கூட்டம் வந்தது, கூடவே கைடு. வெளியூர்க்காரன், வாய் மூடாத ஆள்.

ஒரு மாலுமியை விரும்பினாளாம் ஒரு பெண். அப்பன்காரன் கல்நெஞ்சன். அவளை அறையில் போட்டுப் பூட்டினானாம். அவள் தப்பித்து ஓடிவந்து, கப்பல் போன பக்கம் பார்த்து, இதே இடத்திலிருந்து குதித்தாளாம். கூட்டம் உச்சுக்கொட்டியது. அவனெல்லாம் ஒரு அப்பனா என்றாள் ஒருத்தி.

வெல்டருக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை கொதித்தது. கூட்டம் இறங்கியதும் கைடின் சட்டையைப் பிடித்துவிட்டார். அது என் பொண்ணு, எவன்டா உனக்கு இந்தக் கதையைச் சொன்னது என்று உலுக்கினார்.

கைடு இரண்டு கையையும் தூக்கிவிட்டான். "சத்தியமா நான் இட்டுக்கட்டலண்ணே. இங்க பெருக்குற அக்காதான் சொன்னாங்க."

அவர் வீட்டுக்கு வந்தபோது மனைவி அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்த வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்திருந்தார். ஏன் என்ற ஒரு வார்த்தைதான் வந்தது.

"ஒரு பொண்ணு குதிச்சாளாமேன்னு கேட்டுக்கிட்டேதான் எல்லாரும் ஏறி வர்றாங்க. ஏன், ஏன்னு என்னைத்தான் பிடுங்குறாங்க. தெரியாது தெரியாதுன்னு எத்தனை தடவை சொல்றது? சொல்லச் சொல்ல நெஞ்சை அடைக்குது." கத்தியைக் கீழே வைத்தாள். "முதல்ல அம்மாக்காரிதான் கொடுமைக்காரின்னு சொல்லிப் பாத்தேன். யாரும் நம்பல. பெத்தவ அப்படிச் செய்வாளான்னு என்கிட்டயே சண்டைக்கு வந்தாங்க. அப்பான்னு மாத்துனேன். உடனே நம்பிட்டாங்க."

அவருக்குச் சிரிப்பு முட்டியது. அதை நினைத்து அவருக்கே அருவருப்பாக இருந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அந்தக் கதையிலயாவது அவளுக்கு ஒரு காரணம் இருக்குங்க," என்றாள்.

மறுநாள் மிச்ச வேலைக்கு அவர் ஏறினார். கைடு அடுத்த கூட்டத்தோடு வந்தவன், அவரைக் கண்டதும் கதையை விழுங்கப் பார்த்தான். சொல்லு என்று வெல்டர் கையைக் காட்டினார். குரல் உள்ளே போக, அவன் எப்படியோ சொல்லி முடித்தான். படிவாசலில் அவர் மனைவி ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை.

கையில் குழந்தையோடு நின்ற ஒரு பெண், அந்த அப்பன் அப்புறம் என்ன ஆனான் என்று கேட்டாள். கைடு வெல்டரைப் பார்த்தான். வெல்டர் முகமூடியை உயர்த்தினார்.

"இருக்கான்மா. இன்னும் சாகல."

"இருக்கட்டும். இருந்து நல்லா அனுபவிக்கட்டும்."

வெல்டர் ஆமாம் என்று தலையாட்டினார். அவர்கள் இறங்கும்வரை காத்திருந்துவிட்டு, முகமூடியை இறக்கி, கம்பியின் மிச்சப் பாதியைப் பற்றவைக்க ஆரம்பித்தார்.