அண்ணிக்கு ஒரு கூலிங் கிளாஸ்

அந்தக் கட்டட வேலையில் எல்லோருக்கும் அவள் 'மேலக்கா'. இருபது மாடி உயரத்தில், டவர் கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கம்பியும் சிமெண்டும் தூக்கிக் கொடுக்கிறவளுக்கு வேறென்ன பேர் பொருந்தும்? கீழே நின்று வாக்கி டாக்கியில் அவளுக்கு வழி சொல்கிறவன் அவள் கொழுந்தன். "வீட்ல அண்ணி வச்சதுதான் சட்டம். இங்க நான் சொன்னாத்தான் அண்ணி கையே அசையும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வான்.

அவள் கண் சிவந்து கிடந்ததை முதலில் கவனித்தவனும் அவன்தான். மத்தியானத்துக்கு மேல் வெயில் அவள் முகத்துக்கு நேரே அடிக்கும். கேட்டால், "தூக்கம் பத்தல தம்பி" என்று மழுப்புவாள். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு லீவு நாளில் அவனே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

வெள்ளை விழியின் ஓரத்தில் சதை வளர ஆரம்பித்திருக்கிறது என்றார் டாக்டர். "வெயிலும் தூசியும் செய்ற வேலை. ஆபரேஷன் இப்போ வேண்டாம். ஆனா புற ஊதாக் கதிரைத் தடுக்கிற கண்ணாடி இல்லாம இனிமே மேல ஏறாதீங்க."

அங்கிருந்து நேராகக் கண்ணாடிக் கடை. கொழுந்தன் இருப்பதிலேயே கன்னங்கரேல் என்றிருந்த ஒன்றை எடுத்து நீட்டினான். "இதைப் போட்டா சூரியனே சல்யூட் அடிக்கும் அண்ணி!"

கடைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே அதை வாங்கி வைத்தாள். "கறுப்பா இருந்தா மட்டும் போதாதுங்க. கதிரைத் தடுக்காத வெறும் கறுப்புன்னா கண்ணுப் பாப்பா விரிஞ்சு இன்னும் அதிகமாத்தான் உள்ள வாங்கும்." கண் கூச்சத்துக்கு இதுதான் நல்லது என்று போலராய்டு கண்ணாடி ஒன்றைக் கொடுத்தாள். போட்டதும் தெருவே குளிர்ந்த மாதிரி இருந்தது.

மறுநாள் சாயங்காலம் நாலு மணி. வெயில் முகத்துக்கு நேரே வந்ததும் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கம்பிக் கட்டு ஒன்று அந்தரத்தில் தொங்குகிறது. எடை காட்டும் திரையை ஓரக்கண்ணால் பார்த்தாள். திரை இருட்டு. தலையைச் சாய்த்தால் எண்கள் வந்தன, நிமிர்ந்தால் மறைந்தன. கண்ணாடிதான் காரணம் என்று புரிந்து கழற்றினாள். வெயில் ஊசியாகக் குத்தியது. கண்ணில் நீர் முட்டி, தரையே கலங்கிப் போனது. கிரேனை அப்படியே நிறுத்தினாள்.

"தம்பி, கண்ணாடி போட்டா எடை தெரியல. கழட்டினா நீ தெரியல."

எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிறவன் அன்றைக்குக் கேலியை விட்டுவிட்டான். "இருங்க அண்ணி, அவசரமே இல்ல. கீழ இருக்கறவங்கள விலக்கிடறேன்." கொஞ்ச நேரம் கழித்து அவன் குரல் நிதானமாக வந்தது. "இப்போ ஆள் யாரும் இல்ல. நான் தெரியலன்னா என்ன, என் குரல் கேக்குதுல்ல? மெதுவா இறக்குங்க. இன்னும்... இன்னும்... ஒரு அடி... அவ்ளோதான், வச்சாச்சு."

இறங்கி வந்தபோது அவள் முதுகு தெப்பமாக நனைந்திருந்தது.

கடைக்குச் சண்டை போடவென்றே வரிந்துகட்டிக்கொண்டு அண்ணியையும் அழைத்துப் போனான் கொழுந்தன். கடைக்காரப் பெண் முழுக்கக் கேட்டாள். தன் போனை எடுத்து அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் பிடித்துத் திருப்பினாள். பளிச்சென்றிருந்த போன் திரை கறுத்துப் போனது.

"தப்பு என்மேலதான். என்ன வேலைன்னு நான் கேக்கவே இல்ல பாருங்க. தண்ணி மேல பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தை இது வெட்டும், அந்தப் பக்கம் வேலை செய்றவங்களுக்கு வரம். திரையைப் பாத்து வேலை செய்ற உங்களுக்கு ஒத்துவராது."

இப்படிச் சொன்னால் யாரோடு சண்டை போடுவது?

கடைக்காரப் பெண் அரை மணி நேரம் கேள்வி கேட்டாள். வெயில் எந்தப் பக்கம் வரும்? தலையில் ஹெல்மெட் உண்டா? நிறம் பார்க்க வேண்டிய வேலை இருக்கிறதா? "நான் காட்டற சிவப்புக் கொடி" என்றான் கொழுந்தன். அதற்கப்புறம் ஒன்றை எடுத்தாள். மிதமான பழுப்பு நிறம், போலராய்டு இல்லை, பக்கவாட்டிலும் கண்ணை அணைத்துக்கொள்ளும், ஹெல்மெட்டுக்கு அடியில் உறுத்தாத மெல்லிய காதுக்கம்பி. கதிரை முழுக்கத் தடுக்கிறதா என்று ஒரு சின்ன மெஷினில் வைத்துக் காட்டினாள். பழசை வாங்கிக்கொண்டு, "வாசல்ல போய் வெயிலைப் பாத்து நில்லுங்க. எதிர்க்கடை பக்கெட் சிவப்பாவே தெரியுதா?" என்றாள்.

"தெரியுது. இவன் மூக்குல ஒரு பருவும் தெரியுது."

மூன்று மாதம் கழித்து டாக்டர் பார்த்தபோது சதை இருந்த இடத்திலேயே நின்றிருந்தது. வெளியே வந்தவள் வழியில் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்து, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இரும்மா" என்றாள்.

கொழுந்தனிடம்தான் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சொந்தக்காரர்களுக்குள் யார் நன்றியெல்லாம் சொல்லிக்கொள்கிறார்கள்? மறுநாள் கூண்டில் உட்கார்ந்ததும் வாக்கி டாக்கியை அழுத்தினாள்.

"தம்பி, நீ மட்டும் அன்னிக்கு என்னை இழுத்துட்டுப் போகலன்னா என் கண்ணு என்னவாகியிருக்கும்? உன்னை மாதிரி ஒருத்தன் கூடப் பொறந்தவனுக்கு மேல."

"அண்ணி, இது எல்லாருக்கும் கேக்குது" என்றான்.

"கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அவள் அன்றைய முதல் கம்பிக் கட்டைத் தூக்கினாள்.