மூன்று மலை தெரியும் அரைக்காணி

நேமிராஜ் பொய் சொல்லாதவர் என்று செஞ்சியில் யாரும் சாட்சி சொல்ல வரமாட்டார்கள். மனை புரோக்கர் அவர். பாறையைக் காட்டி, அஸ்திவாரச் செலவு மிச்சம் என்பார். ஏரிப் பள்ளத்தைக் காட்டி, ஜன்னலைத் திறந்தால் ஜில்லென்று காற்று என்பார். சென்னையிலிருந்து காரில் வருகிறவர்கள் ராஜகிரிக் கோட்டையையே பார்த்தபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். பாதி வியாபாரத்தை மலை முடித்துக் கொடுத்துவிடும், மீதியை அவர் வாய் பார்த்துக்கொள்ளும்.

தொண்டூர் சாலையில் ஓர் அரைக்காணி நிலம் மட்டும் ஆறு வருடமாக விலை போகாமல் கிடந்தது. அதற்கும் அந்த வாய்தான் காரணம். அங்கே வரப்பில் நின்றால் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றும் ஒன்றையொன்று மறைக்காமல் தெரியும். முதன்முதலாகப் பார்த்த அன்றே நேமிராஜுக்கு அந்த இடத்தின்மேல் கிறுக்குப் பிடித்துவிட்டது. ஊருக்கெல்லாம் மலை காட்டிய மனிதருக்குச் சொந்தமாக இருந்தது கடைவீதிச் சந்தில் ஒரு வீடு. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு மாடிப்படி.

மகள் ஜினிஷா படித்து முடிக்கட்டும், பிறகு நாமே வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் நினைத்துக்கொண்டார். அதுவரை வேறு யாரும் கொத்திக்கொண்டு போய்விடக் கூடாதே. கேட்டு வந்தவர்களிடமெல்லாம், உவர் மண், போர் போட்டால் புழுதிதான் வரும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். பிறகு சாயங்காலம் தனியாகப் போய், பொழுது சாயுமுன் அந்த வரப்பிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார். சமண வீடு, ஊர்ப் பேச்சில் நயினார் வீடு; விளக்கு வைத்தபின் சாப்பாடு கிடையாது.

நிலம் ரஞ்சிதத்தினுடையது. பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை வைத்திருப்பவள், வாங்கிய நிலத்தில் பயிர் வைக்குமுன்பே புருஷன் போய்ச் சேர்ந்து எட்டு வருடம் ஆகிறது. முட்டிவலியோடு தனியாகப் பயிர் வைக்க முடியாமல்தான் விற்கச் சொல்லியிருந்தாள். "யாருனா கேட்டாங்களா நயினாரே?" என்று அவள் விசாரிக்கும்போதெல்லாம், "மண்ணு சரியில்லன்றாங்கம்மா" என்று அவளுக்கும் அதே பாட்டைப் பாடினார். இது தவறென்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆசை கண்ணை மறைத்தது, அவ்வளவுதான்.

ஆவணியில் தசலட்சண நோன்பு வந்தது. பத்து நாளைக்குப் பத்து அறம், அதில் ஒரு நாள் வாய்மைக்கு. அந்தப் பத்து நாளும் நேமிராஜ் ஆபீஸைப் பூட்டி போனை அணைத்துவிடுவார். அதில் பக்தி ஒரு பங்கு, ஜாக்கிரதை மூன்று பங்கு. இந்த வருடம் வாய்மை நாளன்று பார்த்து மனைவி தனலட்சுமியின் போன் அடித்தது.

"சென்னையிலேருந்து ஒரு புருஷன் பொண்டாட்டி, திண்டிவனம் தாண்டிட்டாங்களாம். இன்னிக்கி உட்டா அவங்களுக்கு லீவு கெடையாதாம். போயி காட்டிட்டு வாங்க" என்றாள். அவர் செருப்பை மாட்டும்போது வாசல் வரை வந்து, "காலைல கோயில்ல கைகூப்பிச் சொல்லியிருக்கீங்க. ஒரு பொய் வாயில வரக்கூடாது" என்றாள்.

வந்தவர்கள் இளவரசனும் அமலாவும். இருவருக்கும் ஆஸ்பத்திரி வேலை. அம்பத்தூரில் ஏழாவது மாடியில் குடியிருப்பு, எதிரே இன்னொரு ஏழாவது மாடி. காலையில் எழுந்தால் கண்ணுக்கு ஒரு மலை வேண்டும், அது போதும் என்றாள் அமலா. அவளை நேமிராஜுக்குப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. அவருடைய வியாதிதான் அவளுக்கும்.

முதலில் ஏரிப் பக்கம் கூட்டிப்போனார். "கார்த்திகையில முட்டி வரைக்கும் தண்ணி நிக்கும். பாய் தலகாணிய மேல தூக்கி வச்சிக்கணும்" என்றார். அடுத்து மலையடிவாரம். "இந்தப் பாறை சித்திரையில பகலெல்லாம் வாங்குன வெயில ராத்திரி பூரா கக்கும். கொரங்குங்க டப்பா மூடியத் தொறந்து சாப்டும்."

இளவரசன் மனைவி பக்கம் சாய்ந்து, "இவரு விக்க வந்தாரா, நம்மள வெரட்ட வந்தாரா?" என்று கேட்டான்.

திரும்பும் வழியில் தொண்டூர் சாலையில் அமலா காரை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தாமல் போய்விட வேண்டுமென்று நேமிராஜ் வேண்டிக்கொண்டதுதான் மிச்சம். அவள் இறங்கி வரப்பில் நின்றாள். மூன்று மலையையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது யாரோட இடம் சார்?"

பதில் வேறு பக்கமிருந்து வந்தது. ஆட்டுக்குப் புல் அறுக்க வந்திருந்த ரஞ்சிதம் கருக்கரிவாளோடு நிமிர்ந்தாள். "என்துதாம்மா. ஆனா ஒனக்கு வேணாம் கண்ணு. உவரு மண்ணு, தண்ணியும் கெடையாது. தெரியாத புள்ளைங்க தலைல கட்டுனா பாவம். நீயே சொல்லு நயினாரே."

நேமிராஜுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அவர் சொன்ன பொய்யை நிஜமென்று நம்பி, தனக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தும் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், நிலம் இன்னும் சில வருடம் அவருக்காகக் காத்திருக்கும். நாக்கு நுனிவரை அது வந்தும்விட்டது.

"இல்லம்மா" என்றார். "மண்ணு நல்ல மண்ணு. பக்கத்துக் கெணத்துல கோடையிலயும் தண்ணி கெடக்குது. நான்தான் இல்லாததச் சொல்லி எல்லாரையும் திருப்பி அனுப்புனேன். எனக்கே வேணும்னு ஆசை. ஒன்கிட்டயும் பொய்தான் சொன்னேன்."

இளவரசன் காரின் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான். ரஞ்சிதம் ஏசுவாள், அரிவாளைக்கூட ஓங்குவாள் என்று நேமிராஜ் எதிர்பார்த்தார். அவள் வரப்பில் மெல்ல உட்கார்ந்தாள்.

"அப்ப எங்கூட்டுக்காரரு ஏமாறலையா?" என்றாள். "பதினோரு வருஷம் கல்லு ஒடச்சி வாங்குனாரு நயினாரே. ஒண்ணுத்துக்கும் ஒதவாத கட்டாந்தரைய வாங்கிட்டுப் போயிட்டியேன்னு, போட்டோ முன்னாடி நின்னு நான் திட்டாத நாளு இல்ல."

நிலம் விலை போகாமல் தடுத்ததாகத்தான் நேமிராஜ் இத்தனை நாள் நினைத்திருந்தார். செத்துப்போன ஒரு மனுஷனின் பேரைக் கெடுத்தது இப்போதுதான் தெரிந்தது. கைகூப்பி, "மன்னிச்சுக்கம்மா" என்றார்.

"அது கெடக்கட்டும். பட்டணத்துக்காரங்களுக்கு எப்படிச் சொல்லி விப்பியோ அப்படி எனக்குச் சொல்லு. நான் வாங்க வந்தவன்னு வச்சிக்க."

விளையாட்டில்லை என்று அவள் முகம் சொன்னது. நேமிராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வாங்கம்மா. செம்மண் பூமி, கடல போட்டா காயி தெரண்டு வரும். மூணு மலையும் ஒண்ணா தெரியற எடம் இந்த ரோட்டுலயே இது ஒண்ணுதான். காலைல பாறை சாம்பலா இருக்கும், சாயங்காலம் செவக்கும். மழைன்னா மொதல்ல ராஜகிரி மேல எறங்கும், அப்புறந்தான் இங்க வரும். நீங்க காயப்போட்ட துணிய எடுத்து உள்ள வைக்க நேரம் இருக்கும். சாயங்காலம் இங்க வந்து குந்துனா வூட்டுச் சண்டையெல்லாம் மறந்துபோவுது, அனுபவிச்சவன் சொல்றேன். இருவது வருஷமா எடம் காட்டறேன். ஒங்கூட்டுக்காரரு கண்ணுக்குப் பட்ட மாதிரி ஒரு எடம் எனக்கு அமையல."

இருபது வருடத்தில் ஓர் இடத்தைப் புகழ்ந்து அவர் கூட்டிச் சொல்லாத ஒரே பேச்சு அதுதான். அமலா கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறுபக்கம் திரும்பினாள்.

ரஞ்சிதம் மலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், காசு கொடுக்கப்போகிறவள் பார்ப்பதுபோல நிதானமாக. பிறகு ஒரு பிடி மண்ணை அள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குப் புடிச்சிருக்குது. நானே வச்சிக்கறேன்" என்றாள். நேமிராஜ் தலையசைத்தார். இடம் கைவிட்டுப் போயிற்று, வலிக்கத்தான் செய்தது.

அவள் அவரைப் பார்க்கவில்லை. பக்கத்தில், ஓர் ஆள் உட்காரும் அளவு காலியாகக் கிடந்த வரப்பைப் பார்த்து, "கேட்டியாய்யா?" என்றாள்.