கண் கொடுத்தவருக்கு ஒரு பூசை

1.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு தையல் கடையில் கிடைத்தது. நான் கண்டியில் ஓர் அலுவலகத்தில் இலிகிதர். கஜலட்சுமி என்று பெயர். மாலையில் கதை எழுதுவேன். கட்டுகஸ்தோட்டையில் யாகப்பர் அண்ணேயின் கடைக்குச் சட்டை தைக்கக் கொடுக்கப் போனபோது அவர் ஊசியில் தானே நூல் கோத்தார். நான்கு வருடமாக அதை அவர் மனைவி மதலேனா அக்காதான் செய்துகொடுத்து வந்தார்.

"கண் மாத்தினாங்க தங்கச்சி, மாசியில. வேற ஒருத்தரோட கண்ணு" என்றார்.

சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. அதனால்தான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

2.

[முதல் தொடக்கம்: "கண்டி நகரை மழை மூடியிருந்த ஒரு காலையில், இருளிலிருந்து ஒளிக்கு ஒரு மனிதன்..." இதை வாசித்துக் காட்டியதும் அண்ணே சிரித்துவிட்டார். "மழை எங்க பெஞ்சிச்சு? நல்ல வெயில். கட்டவிழ்த்ததும் கண்ணு கூசிச்சு."]

[இரண்டாவது தொடக்கம்: "அவர் முதலில் பார்த்தது மனைவியின் முகத்தை." இதை மதலேனா அக்கா அடித்துவிடச் சொன்னார். "என்னப் பாத்துட்டு, நர்ஸ், கொஞ்சம் தண்ணி தாங்கன்னாரு. அத எழுதுங்க."]

எழுதிவிட்டேன்.

3.

இனி நடந்தது. வலது கண்ணில் புண் வந்து ஆறியபோது, அதன் மேலே கண்ணாடி போல இருக்கும் படலம் வெளுத்துப் போனது. இடது கண் சிறு வயதிலிருந்தே மங்கல். யாரோ இறந்தபின் கொடுத்த கண்ணிலிருந்து அந்தப் படலத்தை எடுத்து இவருக்கு வைத்தார்கள். கொடுத்தவர் யாரென்று ஆஸ்பத்திரியில் சொல்வதில்லை. அது நல்ல விதிதான்.

ஆனால் கண்ணைக் கட்டிப் படுத்திருந்தபோது, நடைபாதையில் யாரோ இருவர் சிங்களத்தில் பேசியது அவர் காதில் விழுந்தது. கலகெதரப் பக்கம் ஒரு ஹாமதுரு, அதாவது புத்த பிக்கு, காலமானாராம், கண் இரண்டையும் கொடுத்துவிட்டாராம். அவ்வளவுதான். இவருடைய கண்ணைப் பற்றித்தான் பேசினார்களா என்பதுகூடத் தெரியாது.

அன்றிலிருந்து அவருக்கு நிம்மதி இல்லை. கொடுத்தவருக்காகத் தேவாலயத்தில் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும், அதில் வாசிக்க ஒரு பெயர் வேண்டும். கடவுளுக்குப் பெயர் தெரியும் என்று பங்குச் சுவாமி சொல்லிப் பார்த்தார்.

"கடவுளுக்குத் தெரியும். எனக்குத் தெரியலையே" என்றார் அண்ணே.

கலகெதரவுக்குப் போகிறேன் என்று அவர் கிளம்பியபோது அக்கா வாசலில் மறித்தார். "செத்த வீட்டுல போயி என்னன்னு கேப்பீங்க? உங்க ஆளோட கண்ணு இதுதானான்னா? அவங்க மனசு என்ன பாடுபடும்?"

இருந்தும் நான் கூடப் போனேன். அவருடைய சிங்களம் கடை வியாபாரத்துக்கு மட்டும் போதுமானது, அதனால் போனேன் என்று எழுதலாம். கதைக்காகப் போனேன் என்பதே உண்மை.

4.

(அடிக்குறிப்பாக இருக்க வேண்டியது. கதைக்குள் ஏறிவிட்டது.)

எங்கள் சமயத்தில் ஒரு வேடன் தன் கண்ணைப் பெயர்த்துச் சிவனுக்கு அப்புகிறான். பௌத்தக் கதை ஒன்றில் போதிசத்துவர் அரசனாகப் பிறந்து, கேட்டு வந்தவருக்குக் கண்களைக் கொடுத்துவிடுகிறார். இந்த நாட்டில் சாதாரண மனிதர்கள் கண்தானப் படிவத்தில் கையெழுத்து வைப்பதற்குப் பின்னால் அந்தக் கதையும் இருக்கிறது. இரண்டிலும் கொடுத்தவரைத்தான் பாடுகிறார்கள். வாங்கிக்கொண்டவர் மறுநாள் காலையில் என்ன செய்தார் என்று

அக்கா குறுக்கிட்டார்: "எங்க வேதத்துல இருக்கே. பார்வ இல்லாதவனுக்கு யேசு கண்ணு குடுத்த பெறகு, அவனக் கூப்பிட்டு எவ்வளவு விசாரிச்சாங்க!"

சரி. ஒன்றில் இருக்கிறது.

5.

போனது நிஸாமின் முச்சக்கர வண்டியில். அவர் அக்குறணைக்காரர். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தவர் கடைசியில் கேட்டார்: "மௌத்தான பொறகு கண்ணக் குடுக்க எங்களுக்கு ஏலுமா, நாநா? சிலர் ஆகும்ங்கிறாங்க, சிலர் ஆகாதுங்கிறாங்க. நான் மௌலவிக்கிட்டக் கேக்கணும்."

முதலில் நுழைந்த பன்சலையில், அதாவது புத்த விகாரையில், ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதில் ஓர் இளம் பிக்கு வெளியே வந்தார். முதல் பிரதியில் இவரைக் கோபக்காரராக எழுதியிருந்தேன். கதைக்கு ஒரு தடை வேண்டாமா? ஆனால் அவர் எங்களுக்குக் கதிரை கொண்டுவந்து போட்டார். "ஆமாம், எங்கள் பெரிய ஹாமதுரு மாசியில்தான் போனார். கண்களைக் கொடுத்தார். அவருடைய அக்கா கீழ்வீட்டில் இருக்கிறார்" என்றார்.

6.

அந்த அக்கா நந்தாவதிக்கு எழுபது தாண்டியிருக்கும். நான் சிங்களத்தில் தொடங்க வாயெடுத்தபோது அண்ணே என்னைத் தடுத்தார்.

"நிச்சயம் இல்லன்னு மொதல்ல சொல்லுங்க தங்கச்சி. அதச் சொல்லாம மத்ததச் சொல்லாதீங்க."

அந்த இடத்தில் தயங்கினேன். அந்த ஒரு வாக்கியத்தை விழுங்கிவிட்டால் கதை எவ்வளவு அழகாக இருக்கும்! தம்பியின் கண்ணை அக்கா மறுபடி பார்க்கிறாள். வாசகர் அழுவார். இதுவரை எழுதிய எந்தக் கதையிலும் எனக்கு இப்படி ஆசை வந்ததில்லை.

சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில் காதில் விழுந்தது இவ்வளவுதான், நிச்சயம் இல்லை என்று.

அவர் எழுந்து அண்ணேயின் அருகே வந்து, வலது கண்ணை உற்றுப் பார்த்தார்.

"எங்கள் ஹாமதுருவுக்குக் கொஞ்சம் தேன் நிறக் கண்" என்றார்.

வைத்தது வெறும் தெளிவான படலம், அதற்கு நிறமே கிடையாது என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். அண்ணே மன்னிப்புக் கேட்கச் சொல்லி என்னைப் பார்த்தார். கேட்பதற்குள் நந்தாவதி பேசத் தொடங்கிவிட்டார்.

"இது அவருடையது இல்லாவிட்டால் என்ன? இதைக் கொடுத்தவருக்கும் ஓர் அக்காவோ அம்மாவோ இருப்பாள். அவளிடம் போக வேண்டியவர் வழிதவறி என்னிடம் வந்திருக்கிறீர்கள். எங்கள் ஹாமதுருவின் கண்ணை வைத்திருப்பவரும் இந்த நேரம் எந்த வீட்டு வாசலிலோ நிற்பார். அந்த வீட்டுக்காரர்கள் அவருக்குத் தேத்தண்ணி கொடுக்க வேண்டும்."

சொல்லிவிட்டு எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனார்.

அண்ணே வந்த காரியத்தைச் சொன்னார். பூசை. இறந்தவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. அங்கேதான் தடுமாறினேன். நிலையான ஆன்மா ஒன்று இல்லை என்று சொல்லும் சமயம் நந்தாவதியுடையது. அந்தச் சொல்லை எப்படி மொழிபெயர்ப்பது? "இறந்தவருக்குப் புண்ணியம் போய்ச் சேர, அவர்கள் கோயிலில் ஒரு பிரார்த்தனை" என்றேன். சரியா பிழையா தெரியாது. அவருக்கு அது உடனே விளங்கியது. அவர்களும் அதைத்தானே செய்கிறார்கள்.

"என்ன பெயர் போடலாம்?" என்று அண்ணே தன் உடைந்த சிங்களத்தில் தானே கேட்டார்.

நந்தாவதி பன்சலையில் தம்பிக்கு வைத்த பெயரைச் சொல்லத் தொடங்கி நிறுத்தினார். "பன்னிரண்டு வயதில் அவர் சீவரம் உடுத்துத் துறவியானார். அதற்குப் பிறகு நானும் கும்பிட்டுத்தான் பேசினேன். அதற்கு முன்னால்..." தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "சூட்டி. சின்னவன். வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டோம். ஐம்பத்தாறு வருடமாக நான் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை."

மறுபடி ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அண்ணேயும் அழுதார். புதுக் கண்ணில் தையல் இருக்கிறது, துடைக்காதீர்கள் என்று நான்தான் அதட்ட வேண்டியதாயிற்று.

புறப்படும்போது நந்தாவதி கேட்டார்: "பூசை எத்தனை மணிக்கு? நானும் வரலாமா?"

7.

முடிவு அ: வெள்ளைச் சேலையில் நந்தாவதி வருகிறார். மதலேனா அக்கா வாங்குப் பலகையில் நகர்ந்து இடம் கொடுக்கிறார். எப்போது எழும்ப வேண்டும், எப்போது இருக்க வேண்டும் என்று அக்காவைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்.

முடிவு ஆ: முழங்கால் வலி. அவரால் வர முடியவில்லை. பெயர் மட்டும் வாசிக்கப்படுகிறது.

முடிவு இ: யாகப்பர் அண்ணே பன்சலைக்குச் சீவரம் தைத்து... (அண்ணே: "எனக்குச் சீவரம் வெட்டவே தெரியாதே தங்கச்சி!")

மூன்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "எதுக்கு இப்பவே முடிக்கிறீங்க? ஞாயித்துக்கெழம இன்னும் வரலையே."

உண்மைதான். இன்று வியாழன். பூசை வரும் ஞாயிறு காலை ஏழரைக்கு. சஞ்சிகைக்காரர்கள் நாளைக்குள் கதையைக் கேட்கிறார்கள். பங்குச் சுவாமி 'சூட்டி' என்று எழுதிக்கொண்டு, எழுத்துச் சரியா என்று என்னிடம் கேட்டார். அக்கா மூன்று பேருக்கு இடியாப்பம் அவிப்பதா நான்கு பேருக்கா என்று கேட்கிறார். நான்கு என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நீங்கள் இதை வாசிக்கும்போது அந்த ஞாயிறு கடந்து போயிருக்கும். அன்று காலை கலகெதரவிலிருந்து கண்டிக்கு வந்த பஸ்ஸில் வெள்ளைச் சேலை உடுத்த வயதான பெண் ஒருவருக்கு யாராவது எழுந்து இடம் கொடுத்திருக்கலாம். அது நீங்களாக இருந்தால், மிச்சக் கதை உங்களிடம் இருக்கிறது.