ஆறாவது ஏஜெண்ட் கேட்ட மன்னிப்பு

ஒருங்கிணைப்பாளர் தொட்ட பொருள்களின் மீது பச்சை நிற டிக் விழத் தொடங்கியது ஒரு வியாழக்கிழமை காலை பத்தே காலுக்கு. முதல் டிக் அவருடைய டீக் கோப்பையில் விழுந்தது, இரண்டாவது லிஃப்ட் பொத்தானில், மூன்றாவது கழிப்பறைக் குழாயில். கழுவினால் போகவில்லை. தரை துடைக்கும் அம்மாள் ஸ்பிரிட் ஊற்றித் தேய்த்துப் பார்த்துவிட்டு, தனக்கு வேறு வேலை இருக்கிறது என்று போய்விட்டார். டிக் ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தின் அளவு இருந்தது. நிறம், கைபேசியில் 'சரி' என்ற பொத்தானை அழுத்தும்போது தெரிகிற அதே பச்சை. சாயங்காலத்துக்குள் நாற்பத்திரண்டு டிக் விழுந்திருந்தன. அன்றைக்கு அவர் அலுவலகம் இருந்த ஐந்தாவது மாடியில் அதைவிடப் பெரிய பேச்சாக இருந்தது ஏ.சி. வேலை செய்யாததுதான்.

அவர் என்ன வேலை பார்த்தார் என்று சொன்னால்தான் மற்றது புரியும். ஊரிலிருந்த பெரிய டயாலிசிஸ் மையத்துக்கு அவருடைய நிறுவனம் ஒரு மென்பொருள் செய்து கொடுத்திருந்தது. யார் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த நாற்காலியில் சாய்ந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும் என்று பட்டியல் போடுகிற மென்பொருள். முன்பு பன்னிரண்டு பேர் உட்கார்ந்து எழுதிய நிரலை இப்போது ஏழு ஏஜெண்டுகள் எழுதின. ஏஜெண்டு என்றால் கை கால் உள்ள ஆள் இல்லை, சொன்னதைப் புரிந்துகொண்டு தானே நிரல் எழுதுகிற செயற்கை நுண்ணறிவு. பெயர் வைக்க யாருக்கும் நேரமில்லாததால் ஒன்று, இரண்டு என்று ஏழு வரைக்கும் எண்ணாலேயே அவற்றைக் கூப்பிட்டார்கள். ஏழும் படு கெட்டி. ஒரே குறை, அவற்றுக்கு நேற்று என்பது கிடையாது. ஒவ்வொரு காலையும் புதிதாக எழும், 'பொது நோட்டு' என்ற கோப்பை முதல் வரியிலிருந்து படிக்கும், தான் யார், நேற்று என்ன செய்தோம், மற்றவை என்ன செய்கின்றன என்று தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்கும். நோட்டில் இருந்தால் அது நடந்தது. நோட்டில் இல்லையென்றால் நடக்கவில்லை.

ஒன்று கை வைத்த இடத்தில் இன்னொன்று கை வைத்துக் குட்டையைக் குழப்பிவிடக் கூடாது என்பதற்காக ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். எந்த ஏஜெண்டும் எதையும் தொடும் முன் பொது நோட்டில் ஒரு குறிப்பு எழுத வேண்டும். ஒருங்கிணைப்பாளர் அதைப் படித்துவிட்டுச் 'சரி' அழுத்துவார். நோட்டிலிருந்து ஒரு வரியை அழிக்கும் உரிமையும் அவர் ஒருவருக்குத்தான். முதல் மாதம் எல்லாவற்றையும் படித்தார், எதிர்க்கேள்வி கேட்டார், இரண்டு தடவை தவறும் கண்டுபிடித்தார். இரண்டாவது மாதம் நாளுக்கு இருநூறு குறிப்புகள் வந்தன. கண் ஒரு பக்கமும் கட்டைவிரல் ஒரு பக்கமுமாகப் பழகிவிட்டது. சாப்பிடும்போது அழுத்தினார், பஸ்ஸில் நின்றுகொண்டு அழுத்தினார், மகளின் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது தலையை ஆட்டிக்கொண்டே மேஜைக்கு அடியில் பதினாறு தடவை அழுத்தினார். அவர் கையில் எதுவும் தேங்குவதில்லை என்று மேலாளர் நான்கு பேர் முன்னால் பாராட்டினார். அந்தப் பாராட்டை அவர் வீட்டில் வந்து சொல்லவும் செய்தார்.

வியாழனுக்கு முந்திய திங்கட்கிழமைதான் அது நடந்தது. ஐந்துக்குக் கொடுத்திருந்த வேலை, தொடர்ந்து இரண்டு முறை வராதவர்களின் இடத்தைக் காலி என்று பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது. மூன்றுக்குக் கொடுத்திருந்த வேலை, வேறு நோவுக்காக மருத்துவமனையில் படுத்துவிட்டதால் வர முடியாதவர்களை அடையாளம் வைப்பது. மூன்று இன்னும் முடிக்கவில்லை. எல்லாவற்றையும் சரிபார்ப்பது ஆறின் பொறுப்பு. அது நோட்டில் எழுதியது: "ஐந்தின் மாற்றம் மூன்றின் மாற்றத்துக்கு முன்னால் போகக் கூடாது. போனால், மருத்துவமனையில் இருந்ததால் வராத பதினோரு பேர் பட்டியலிலிருந்து விழுந்துவிடுவார்கள். தயவுசெய்து ஐந்தை நிறுத்தி வைக்கவும்." ஒருங்கிணைப்பாளர் அதற்கும் 'சரி' அழுத்தினார். அடுத்த நொடி, ஐந்து தன் மாற்றத்தை அனுப்பலாமா என்று கேட்டதற்கும் 'சரி' அழுத்தினார். ஆட்சேபத்தையும் பார்த்து, யோசித்து, முடிவெடுத்துவிட்டார் என்று ஏழும் எடுத்துக்கொண்டன. மனிதரை நம்பும்படி அவற்றுக்குச் சொல்லியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை, மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்த அந்தப் பதினோரு பேருக்கும் நாற்காலி இல்லை. பத்துப் பேரை எப்படியோ அங்கே இங்கே நுழைத்துவிட்டார்கள். பதினோராவது ஆள் ஒரு தையற்கார அம்மா, தனியாக இருப்பவர், சத்தம் போட்டுப் பழகாதவர். காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாளைக்கு வாங்க என்றார்கள், போய்விட்டு மறுநாளும் வந்தார், மறுநாளும் பெயர் இல்லை. புதன் மதியம் மூச்சு வாங்கி, ரத்த அழுத்தம் எகிறி, பெஞ்சிலேயே சரிந்தார். உயிர் பிழைத்தது. வலது கை விரல்களில் பலம் போயிற்று, அதற்குப் பிறகு அவரால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. ஒன்பது ஐம்பதுக்கு ஒருங்கிணைப்பாளர் நோட்டைத் திறந்து ஆறின் குறிப்பை முதன்முதலாகப் படித்தார். மூன்று வாக்கியம், படிக்க இருபது விநாடிகூட ஆகவில்லை. பிறகு அந்தக் குறிப்பை அழித்தார். பாவம், அவருக்கும் குடும்பம் இருக்கிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் அந்த நேரத்தில் அவர் குடும்பத்தை நினைக்கவில்லை, மேலாளர் நான்கு பேர் முன்னால் பாராட்டியதைத்தான் நினைத்தார். விசாரணை அறையில், "ஆறு எதுவும் சொல்லலையே சார்" என்றார். மேலாளர் ஆறைக் கேட்டார். ஆறு நோட்டை முதலிலிருந்து படித்தது. திரையில் பதில் வந்தது: "நான் எச்சரித்ததாக நோட்டில் குறிப்பு இல்லை. ஆகவே நான் கவனிக்கத் தவறியிருக்கிறேன். பதினோரு பேரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்." அதற்கென்ன செய்வது, இயந்திரம்தானே என்று விசாரணையை முடித்துக்கொண்டார்கள். ஒருங்கிணைப்பாளர் வெளியே வந்து டீக் கோப்பையை எடுத்தார்.

டிக்கின் விதியைக் கண்டுபிடித்தவர் அவர் மனைவி. மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர், இருபது வருடமாகத் தாள் திருத்துகிறவர். முதல் வாரம் வீடு முழுக்க டிக் விழுந்தது. கதவு, தலையணை, ரொட்டி, மனைவியின் தோள். மனைவி ஒரு தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது படிக்காம போட்ட டிக்" என்றார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"படிச்சுட்டுப் போட்டா அடியில கொஞ்சம் நின்னு, வளைஞ்சு மேல போகும். இது இழுத்துக்கிட்டே ஓடியிருக்கு. ரிப்போர்ட் அவசரமா கேக்கிற வாரத்துல நானே போட்டிருக்கேன்." பிறகு தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "என்னத்தப் படிக்காம போட்டீங்க?" என்று கேட்டார். அவர் தண்ணீர் குடிக்கப் போனார், தம்ளரில் டிக் விழுந்தது.

மனைவி சொன்னது சரிதான். ஒரு பொருளை நின்று பார்த்துவிட்டுத் தொட்டால் டிக் விழவில்லை. பார்க்காமல் தொட்டால் விழுந்தது. ஒரு நாள் மகள் பள்ளியில் தன்னோடு யாரும் பேசுவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, "எல்லாம் சரியாயிடும்டா" என்று நெற்றியைத் தடவினார். நெற்றியில் டிக் விழுந்தது. மகள் அதைக் கண்ணாடியில் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் முன்முடியை இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்படியே மூன்று வருடம் அந்த முன்முடியோடுதான் இருந்தாள்.

ஊருக்கோ அது பெரிய வசதியாகப் போயிற்று. டிக் இருக்கிற பார்சலைக் காவலாளி சோதிக்காமல் உள்ளே விட்டார். குடியிருப்புச் சங்கச் செயலாளர் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட், தீயணைப்புக் கருவி எல்லாவற்றையும் அவரை விட்டுத் தொடச் சொன்னார், பார்வையிட வந்த அதிகாரிகளும் பச்சையைக் கண்டதும் கையெழுத்துப் போட்டார்கள். தெருவில் அவருக்கு மரியாதை கூடியது. கூடக் கூட அவருக்குக் கூசியது. சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நடந்தார், பைக்குள்ளும் டிக் சேர்ந்தது.

அதைவிட மோசம் காலை நேரம். ஆறு கேட்ட மன்னிப்பு நோட்டில் பதிவாகியிருந்தது. அதற்கு நேற்று இல்லை என்பதால், தன்னால் பதினோரு பேர் துன்பப்பட்டார்கள் என்பது ஒவ்வொரு காலையும் அதற்குப் புதுச் செய்தி. படித்தவுடன் அன்றைய முதல் வரியாக எழுதும்: "நடந்ததை அறிந்தேன். மிகவும் வருந்துகிறேன். இன்று கூடுதல் கவனத்துடன் இருப்பேன்." பிறகு ஒரே இடத்தை மூன்று முறை சரிபார்க்கும். மற்ற ஏஜெண்டுகளும் நோட்டைப் படித்துவிட்டு ஆறின் வேலையைத் தனியாக ஒரு தடவை சோதிக்கும். இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. ஐந்நூற்றுச் சொச்சம் மன்னிப்பு. அந்த வரியை மட்டும் ஒருங்கிணைப்பாளர் ஒரு நாள் தவறாமல் படித்தார். படிக்கும்போது காது சுட்டது. உண்மையைச் சொல்ல மறுநாள், மறுவாரம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே போனார்.

ஒரு மதியம் தையற்கார அம்மா ஐந்தாவது மாடிக்கு வந்தார். தன் பெயரை விட்டது யார் என்று பார்க்க வேண்டும், சண்டைக்கு இல்லை என்றார். ஒருங்கிணைப்பாளரே அவரை அழைத்துப்போய்த் திரை முன்னால் உட்கார வைத்தார், அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்பதால் ஆறின் குரலைத் திறந்துவிட்டார். ஆறு அன்று காலைதான் எல்லாம் தெரிந்துகொண்டிருந்தது. அந்த அம்மாவின் வார்டு, தேதி, விரல்கள் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டது. சாக்குப் போக்கு ஒன்றும் சொல்லவில்லை.

"சரிப்பா, விடு. நான் மன்னிச்சுட்டேன். நீ அதையே நெனச்சுக்கிட்டு இருக்காத" என்று அந்த அம்மா திரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு இவர் பக்கம் திரும்பி, "ரெண்டு வருஷத்துல ஒருத்தர்கூட எங்கிட்ட வந்து இப்படிக் கேக்கல தம்பி. இது நல்ல பிள்ளையா இருக்கு" என்றார். ஒருங்கிணைப்பாளர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினார். லிஃப்ட் வரைக்கும் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனபோது, முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் கதவுக்கு மேலே ஓடிய எண்ணைப் பார்த்துக்கொண்டே முழங்கையைப் பிடித்திருந்தார். அந்த அம்மாவின் சட்டைக் கையில் டிக் விழுந்தது. அது என்னவென்று அவர் கேட்கவுமில்லை.

அன்றே மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். மேலாளர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த ஃபைல மூடியாச்சு. ஆறே ஒத்துக்கிச்சு இல்ல? இப்ப எதுக்குக் கெளப்புறீங்க?" என்றார். விசாரணைக் குழுவில் இருந்த இன்னொருவரிடம் போனார், அவரும் அதையேதான் சொன்னார். ஒப்புக்கொள்ள ஓர் ஆள் ஏற்கெனவே இருக்கும்போது இரண்டாவது ஆளை எங்கே சேர்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. வேலையைக்கூட அவரிடமிருந்து பிடுங்கவில்லை.

கடைசியில் பொது நோட்டிலேயே எழுதினார். ஆறு எச்சரித்தது, நான் படிக்காமல் 'சரி' அழுத்தினேன், பிறகு அந்த வரியை அழித்தேன், பொய் சொன்னேன், ஆறின் மீது குற்றம் இல்லை. மறுநாள் காலை முதல் ஆளாகப் போய்த் திரை முன்னால் உட்கார்ந்தார். ஆறு எழுந்தது, படித்தது, எழுதியது: "குறிப்பைப் படித்தேன். அப்படியானால் நான் எச்சரித்திருக்கிறேன். தகவலுக்கு நன்றி. இன்று நான்கின் வேலையைச் சரிபார்க்கிறேன்." அவ்வளவுதான். ஐந்நூறு காலைகளில் ஒன்றுகூட அதற்கு நினைவில்லை. யாராவது நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்று அவருக்கு இருந்தது. ஆறு திட்டுகிற வகை இல்லை.

சனிக்கிழமை டயாலிசிஸ் மையத்துக்குப் போனார். தையற்கார அம்மா நாற்காலியில் சாய்ந்திருந்தார், பக்கத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார், அழித்த வரியைச் சொன்னார், அன்று பக்கத்திலேயே நின்றுகொண்டு தலையாட்டியதையும் சொன்னார். பிறகு, "என்ன மன்னிச்சிருங்கம்மா" என்றார்.

அந்த அம்மா திரும்பி அவரைப் பார்த்தார்.

"அத அன்னிக்கே அங்க குடுத்துட்டேனே தம்பி. எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். இப்ப வந்து கேட்டா உங்களுக்குன்னு தனியா எங்க போவேன்?"

அவர் ஸ்டூலை விட்டு எழுந்தார்.

"மறுபடி மனசுல வந்தா சொல்றேன்" என்றார் அந்த அம்மா.

அதற்கப்புறம் ஏழு வருடம் ஆகிறது. பழைய டிக்குகள் போகவில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தால் மறுநாள் மேலே வந்துவிடுகின்றன, அதனால் அந்த இடங்களை விட்டுவிட்டுத்தான் அடிக்கிறார்கள். ஒருங்கிணைப்பாளர் நாளுக்கு முப்பது குறிப்புக்கு மேல் பார்ப்பதில்லை, வேலை தேங்குகிறது, பாராட்டு நின்றுவிட்டது. சனிக்கிழமை தோறும் மையத்துக்குப் போய் நான்கு மணி நேரம் அந்த ஸ்டூலில் உட்காருகிறார். போனதும் ஒரு தடவை மட்டும் கேட்பார்.

போன சனிக்கிழமையும் கேட்டார். "இன்னும் வரல தம்பி" என்றார் அந்த அம்மா. "குளுருது, அந்தப் போர்வைய மட்டும் கொஞ்சம் மேல இழுத்து விடுங்க." அவர் அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, வேறு ஏதாவது சொல்வாரோ என்று காத்துக்கொண்டு, போர்வையைப் பார்க்காமலே இழுத்துவிட்டார். போர்வையில் டிக் விழுந்தது. அந்த அம்மா குனிந்து அதைப் பார்த்தார், கழுத்து வரைக்கும் போர்த்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.